வில்லோடு மியூல் மான் வேட்டை: கொலராடோ உயர்மலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செப்டம்பர் பிறந்தால் நான் வில்லை எடுத்துக்கொண்டு தென்மேற்குக் கொலராடோவின் சான் ஹுவான் மலைகளுக்குப் போய்விடுவேன். இதுவரை பதினோரு செப்டம்பர் போயிருக்கிறேன், மான் கிடைத்தது நான்கு முறைதான். டென்வர் பக்கம் குடியிருக்கும் தமிழ் நண்பர்களும், ஊரிலிருந்து பேசும் சொந்தக்காரர்களும் கேட்டுக் கேட்டு எனக்கு மனப்பாடமாகிப்போன கேள்விகள் இவை. என் அனுபவத்தையும் எனக்குத் தெரிந்த விதிகளையும் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வேட்டை விதிகள் ஆண்டுதோறும் கொஞ்சம் மாறும். கிளம்பும் முன் அந்த ஆண்டுக்கான விதிப் புத்தகத்தை ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள்.

மியூல் மான் எப்படி இருக்கும்? நம் ஊர்ப் புள்ளிமான் மாதிரியா?

புள்ளிமானைவிடப் பெரியது, கடமானைவிடச் சிறியது. மியூல் என்றால் கோவேறு கழுதை. அதன் காதைப் போல நீளமான பெரிய காதுகள் இருப்பதால் இந்தப் பெயர். பின்புறம் வெள்ளையாக இருக்கும், மெல்லிய வாலின் நுனி மட்டும் கறுப்பு. ஆண் மானின் கொம்பு இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி இரண்டாகப் பிரியும். அமெரிக்காவில் பரவலாக உள்ள இன்னொரு மானான வெள்ளைவால் மானுக்கு அப்படி இல்லை, ஒரே தண்டிலிருந்து முனைகள் வரிசையாக மேலே எழும். தூரத்திலிருந்து இனம் பிரிக்க இந்த ஒன்று போதும்.

மிரண்டால் இது ஓடுவதைப் பார்க்க வேண்டும். நான்கு கால்களையும் ஒரே நேரத்தில் தரையில் உந்தி, பந்து போலத் துள்ளித் துள்ளி மேலே ஏறும். நாம் கையையும் ஊன்றி ஏறுகிற கற்சரிவை அது அரை நிமிடத்தில் தாண்டிவிடும்.

வயது முதிர்ந்த ஆண் மான்கள் கோடையில் மரங்கள் வளர்வது நின்றுபோகிற உயரத்துக்கும் மேலே, 11,500 அடி, 12,000 அடி என்று ஏறி, மூன்று நான்காகச் சேர்ந்து மேயும். கொம்பின் மேல் அப்போது வெல்வெட் போன்ற தோல் மூடியிருக்கும். ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரத்தில் அந்தத் தோல் உரிந்துவிடும். உரிந்ததும் மானின் நடத்தையே மாறிவிடும். வெட்டவெளியில் மேய்ந்த மான், இருட்டும்வரை மரக்கூட்டத்தை விட்டு வெளியே வராது. அதனால் சீசனின் முதல் வாரம் எனக்கு மற்ற மூன்று வாரங்களுக்குச் சமம்.

இந்தியாவில் மானைத் தொட்டாலே சிறை. அங்கே மட்டும் எப்படி?

நியாயமான கேள்வி. இந்தியாவில் 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்தது. அங்கே மிஞ்சியிருந்த விலங்குகளின் எண்ணிக்கைக்கு அது தேவைப்பட்ட சட்டம், அதை நான் முழு மனதோடு ஏற்கிறேன்.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 19-ஆம் நூற்றாண்டில் சந்தைக்காகக் கணக்கில்லாமல் சுட்டுத் தள்ளியதில் இங்கேயும் மான்கள் அழிவின் விளிம்புக்குப் போயின. அதன் பிறகு காட்டு இறைச்சியை விற்பதைத் தடுத்தார்கள். விலங்குகள் பொதுமக்களின் சொத்து, அவற்றை மாநில அரசு நிர்வகிக்கும் என்ற முறை வேரூன்றியது. 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டம் துப்பாக்கி, தோட்டா விற்பனையில் 11 சதவீத வரியை வனவிலங்குப் பணிக்கென்றே ஒதுக்கியது. வில், அம்புகளையும் அந்த வரிக்குள் கொண்டுவந்த சட்டம் 1972-இல் வந்தது. இந்தியச் சட்டம் வந்த அதே ஆண்டு என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்.

கொலராடோவில் இன்று ஏறத்தாழ 4 லட்சம் மியூல் மான்கள் இருக்கின்றன. மாநிலத்தைப் பல யூனிட்டுகளாகப் பிரித்து, மந்தையின் கணக்கெடுப்பைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் எத்தனை லைசென்ஸ் என்று முடிவு செய்கிறார்கள். வேட்டையே தவறு என்று நினைப்பவர்களோடு நான் வாதாடுவதில்லை. என் மனைவி இறைச்சியே சாப்பிட மாட்டாள், நான் மலைக்குப் போகும்போது பொதி கட்ட உதவுவது அவள்தான்.

துப்பாக்கி இருக்கும்போது வில் எதற்கு?

துப்பாக்கிக்காரர் 300 கெஜத்திலிருந்து சுட்டுவிட்டு வேட்டையை முடிக்கிறார். வில்லோடு போகிறவருக்கு 300 கெஜத்தில்தான் வேலையே ஆரம்பிக்கிறது. மானின் கண் இமைப்பதும், அது அசைபோடும்போது தாடை நகர்வதும் தெரிகிற தூரத்துக்கு நாம் போக வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்தும், நூற்றுக்குத் தொண்ணூறு தடவை அம்பை எய்யாமலேயே திரும்பி வருகிறோம். அந்தக் கட்டுப்பாட்டுக்காகவே எனக்கு வில் பிடிக்கும். நெருங்கத் தெரிய வேண்டும், சரியில்லை என்றால் நாணைத் திரும்ப இறக்கவும் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்தில் நான் சொல்வதில் பாதி இந்த இரண்டைப் பற்றித்தான்.

அமெரிக்காவில் இன்றைய வில்வேட்டை வளர்ந்ததில் ஒரு பூர்வகுடி மனிதரின் பங்கு பெரியது. யாஹி இனத்தில் கடைசியாக மிஞ்சிய ஒருவர் 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரவில் ஊருக்கு அருகே தனியாக வெளியே வந்தார். இஷி என்று அழைக்கப்பட்டார். அவருடைய மொழியில் அந்தச் சொல்லுக்கு மனிதன் என்றுதான் பொருள், சொந்தப் பெயரை அவர் வெளியே சொன்னதே இல்லை. சான் ஃபிரான்சிஸ்கோவில் அவருக்கு மருத்துவம் பார்த்த சாக்ஸ்டன் போப், அவரிடமே வில் செய்யவும் எய்யவும் கற்றுக்கொண்டார். 1916-இல் இஷி காசநோயில் இறந்துபோனார். போப்பும் அவர் நண்பர் ஆர்தர் யங்கும் அந்தக் கலையை நாடு முழுக்கப் பரப்பினார்கள். 1961-இல் தொடங்கிய போப் அண்ட் யங் கிளப், அந்த இருவரின் பெயரில் அமைந்த வில்வேட்டைக்காரர் சங்கம். தன் இனத்தையே வேட்டையாடி அழித்த கூட்டத்திலிருந்து வந்த ஒருவருக்கு அந்த மனிதர் தன் வில்லைக் கற்றுக்கொடுத்தார். நாண் ஏற்றும்போது எனக்கு இது அடிக்கடி நினைவுக்கு வரும்.

லைசென்ஸ் எப்படி வாங்குவது?

கொலராடோவில் 1999 முதல் எல்லா மான் லைசென்ஸும் குலுக்கல் முறையில்தான். ஏப்ரல் முதல் செவ்வாய்க்கிழமைக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் முதல் விருப்பம் கிடைக்காவிட்டால் ஒரு முன்னுரிமைப் புள்ளி சேரும், அடுத்த ஆண்டு வாய்ப்பு கூடும். பெயர்போன யூனிட்டுகளுக்குப் பல ஆண்டுகள் புள்ளி சேர்க்க வேண்டியிருக்கும். முதல்முறை போகிறவர்களுக்கு என் யோசனை, சுலபமாகக் கிடைக்கும் யூனிட்டில் உடனே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். பத்து வருடம் காத்திருந்து அருமையான டேக் (லைசென்ஸ் சீட்டு) கையில் கிடைத்து, மலையில் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பது பரிதாபம்.

1949 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்த எல்லாரும் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். ஆறு மாதம் தொடர்ந்து இங்கே குடியிருந்தால்தான் உள்ளூர்க் கட்டணம். வெளிமாநிலத்தவருக்கு ஏறத்தாழ பத்து மடங்கு.

பக்கத்து மாநிலமான வயோமிங் போவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே வில்டர்னஸ் என்று அறிவிக்கப்பட்ட காடுகளில், வெளிமாநிலத்தவர் மான், எல்க் என்ற பெரிய மான் போன்றவற்றை வேட்டையாட உரிமம் பெற்ற வழிகாட்டியோ உள்ளூர்வாசி ஒருவரோ கூட இருக்க வேண்டும். தெரியாமல் வரைபடத்தைப் பார்த்துத் திட்டம் போட்டு ஏமாந்தவர்கள் பலர்.

எந்த வில் வாங்கலாம்?

பெரும்பாலானவர்கள் எடுத்துப்போவது காம்பவுண்ட் வில். மிசூரிக்காரரான ஹாலெஸ் வில்பர் ஆலன் 1960-களில் கண்டுபிடித்தது, 1969-இல் காப்புரிமை கிடைத்தது. இரண்டு முனைகளிலும் உருளைகள் இருக்கும். நாணை முழுக்க இழுத்ததும் அந்த உருளைகள் சுமையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். 60 பவுண்டு வில்லை இழுத்துப் பிடித்து நிற்கும்போது விரலில் தெரிகிற பாரம் 12 பவுண்டு அளவுதான். மான் எழுந்து நிற்கும்வரை ஒரு நிமிடம் இழுத்த நாணோடு காத்திருக்க முடிவது இதனால்தான்.

கொலராடோவில் மான் வேட்டைக்குக் குறைந்தபட்சம் 35 பவுண்டு இழுவிசை வேண்டும். அம்பு முனை குறைந்தது ஒரு அங்குலத்தில் எட்டில் ஏழு பங்கு அகலம் இருக்க வேண்டும். 70 பவுண்டு வில் வாங்கித் தோளைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். உட்கார்ந்த நிலையில், குளிரில் விறைத்த உடம்போடு, வில்லை வானத்தை நோக்கித் தூக்காமல் நேராக இழுக்க எது முடிகிறதோ அதுவே உங்கள் வில். கை நீளத்துக்கு ஏற்ப அளந்து சரிசெய்ய வேண்டியிருப்பதால், ஆன்லைனில் வாங்காமல் வில் கடைக்கே போவது நல்லது. அம்பு முனையை மட்டும் முகம் மழிக்கும் பிளேடு போல வைத்திருங்கள். அம்பு கொல்வது அதிர்ச்சியால் அல்ல, வெட்டுவதால்.

பயிற்சியைப் பற்றி ஒன்று. கொல்லைப்புறத்தில் நூறு அம்பு எய்வதைவிட, காலையில் எழுந்ததும் உடம்பு சூடாகும் முன் ஒரே ஒரு அம்பு எய்யுங்கள். மலையில் உங்களுக்குக் கிடைக்கப்போவது அந்த ஒன்றுதான். முட்டி போட்டும், சரிவில் ஒரு காலை மடக்கியும், முதுகில் பையோடும் எய்து பழகுங்கள்.

எத்தனை கெஜம்வரை எய்யலாம்?

என் எல்லை 40 கெஜம். பயிற்சி மைதானத்தில் 70 கெஜத்தில் தட்டு அளவு வட்டத்துக்குள் என்னால் எல்லா அம்பையும் போட முடியும். ஆனாலும் மான் என்று வந்தால் 40 தான். காரணம் என் குறி அல்ல, மானின் காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அம்பு நொடிக்கு 280 அடி பறக்கிறது என்று வையுங்கள். 40 கெஜம் என்பது 120 அடி, அதைக் கடக்க அரை நொடிக்குச் சற்றுக் குறைவாக ஆகும். நாண் அதிரும் சத்தமோ நொடிக்கு 1,100 அடி போகிறது, ஒரு நொடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்தில் மானின் காதுக்குப் போய்விடும். அம்பு வந்து சேரும் முன் அந்த மானுக்கு நொடியில் மூன்றில் ஒரு பங்கு நேரம் மிச்சமிருக்கிறது. விழிப்போடு நிற்கும் மான், துள்ள வேண்டி உடம்பைத் தாழ்த்துவதற்கு அது தாராளம். 60 கெஜத்தில் எய்தால் அது ஒரு அடியே எடுத்து வைத்திருக்கும். நுரையீரலுக்கு விட்ட அம்பு வயிற்றில் போய்ப் பாயும். அம்பு கையை விட்டுப் போகும்போது குறி சரியாகவே இருந்திருக்கும், ஆனால் விளைவு மான் நாள் முழுக்கத் துடிப்பது.

சரிவில் இன்னொரு சிக்கல். அம்பின் மேல் புவியீர்ப்பு வேலை செய்வது கிடைமட்டத் தூரத்துக்குத்தான். 30 டிகிரி சரிவில் கீழே நிற்கும் மான் நேர்க்கோட்டில் 40 கெஜம் என்றால், நீங்கள் எய்ய வேண்டியது 35 கெஜத்துக்கு. மேலே நின்றாலும் அதேதான். தெரியாமல் 40-க்குக் குறி வைத்தால் அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். கோணத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் தூரமானிகள் கிடைக்கின்றன, ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இது ஆடம்பரம் கிடையாது.

அவ்வளவு பெரிய மலையில் மானை எப்படிக் கண்டுபிடிப்பது?

நடப்பதை விட்டுவிட்டுக் கண்ணைப் பயன்படுத்த வேண்டும். விடிவதற்கு முன் இருட்டிலேயே ஏறி, எதிர்ச்சரிவு முழுக்கத் தெரிகிற முகட்டில் உட்காருங்கள். 10 மடங்கு பைனாகுலரை ட்ரைபாடில் பொருத்தி, ஒவ்வொரு கீற்றாக, புத்தகம் படிப்பது போல இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போங்கள். முழு மானைத் தேடாதீர்கள். வில்லோ என்ற செடியின் புதருக்குள் ஒரு கிடைமட்டக் கோடு தெரிந்தால் அது முதுகு. பாறை நிழலில் ஒரு காது அசையும். வெயில் பட்டதும் கொம்பு ஒரு கணம் மின்னும்.

ஏழு, எட்டு மணிக்கு மான் படுக்கும். அப்போதே கிளம்பிவிடுவது புதியவர்கள் செய்யும் தவறு. பத்து, பதினோரு மணிக்குச் சூரியன் நகர்ந்து நிழல் விலகியதும் அது எழுந்து வேறு இடம் பார்த்துப் படுக்கும். இரண்டாவது தடவை படுத்ததைக் கண்ணால் பார்த்த பிறகே இறங்குங்கள்.

கிளம்பும் முன் மான் படுத்த இடத்தைக் கைபேசியில் படமெடுத்து, பக்கத்தில் அடையாளமான பாறைகளை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எதிர்முகட்டிலிருந்து தெளிவாகத் தெரிந்த அந்த இடம், மேலே சுற்றிப் போய்ப் பார்த்தால் அடையாளமே தெரியாது. எல்லாப் பாறையும் ஒன்று போல இருக்கும்.

காற்று, காற்று என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது என்ன?

மான் பார்த்தாலும் சந்தேகப்படும், கேட்டாலும் சந்தேகப்படும். நம் வாடை பட்டால் சந்தேகமே கிடையாது, போய்விடும்.

மலையில் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்த காற்று கனத்து, தண்ணீர் போலப் பள்ளத்தை நோக்கி வழியும். காலையில் வெயில் பட்டுச் சரிவு சூடானதும், ஒன்பது பத்து மணி வாக்கில் திசை மாறி மேலே ஏற ஆரம்பிக்கும். மாலையில் நிழல் விழுந்ததும் மறுபடி இறங்கும். மாறுகிற அந்த ஒரு மணி நேரம் எந்தப் பக்கம் வீசும் என்று யாராலும் சொல்ல முடியாது, அப்போது நான் அசையவே மாட்டேன்.

மியூல் மானுக்கு இது நம்மைவிட நன்றாகத் தெரியும். பகலில் பாறைச் சுவரை முதுகுக்கு வைத்து, கண்ணைக் கீழ்ச்சரிவில் பதித்துப் படுக்கும். கீழிருந்து வருவதைக் கண்ணும் பார்க்கும், ஏறிவரும் காற்று வாசனையாகவும் கொண்டுவந்து கொடுக்கும். அதனிடம் இருக்கும் ஒரே ஓட்டை மேற்புறம். காற்று உறுதியாக மேலே ஏறத் தொடங்கிய பிறகு முகட்டைச் சுற்றிப் போய், மேலிருந்து அதை நோக்கி இறங்க வேண்டும். காற்று நம் முகத்தில் அடிக்கும். எல்லாம் சரியாக இருக்கும்போது ஒரு மேகம் சூரியனை மறைக்கும், சரிவு குளிரும், பின்கழுத்தில் சில்லென்று படும். அந்தச் சில்லிப்பை உணர்ந்தவுடன் பின்வாங்கத் தெரிந்தவர்களுக்கு நாளைக்கும் அதே மான் அதே சரிவில் இருக்கும்.

ஒரு சிறு குப்பியில் வாசனையில்லாத பொடியை வைத்துக்கொண்டு அடிக்கடி பீய்ச்சிப் பாருங்கள். என் பையில் இருப்பதிலேயே விலை குறைந்ததும் அதுதான், அதிகம் பயன்படுவதும் அதுதான்.

கடைசி நூறு கெஜத்தை எப்படிக் கடப்பது?

நூறு கெஜத்துக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பையை இறக்கி வைத்துவிட்டு, ஷூவையும் கழற்றிவிட்டு, கனமான கம்பளிக் காலுறையோடு நடப்பேன். காலடியில் கல் புரளுமா புரளாதா என்று பாதத்துக்குத் தெரிய வேண்டும். காற்று புல்லை அசைக்கும்போது மட்டும் ஒரு அடி. கொம்பின் நுனி தெரிந்ததும் நின்றுவிட வேண்டும். கொம்பு நமக்குத் தெரிகிற இடத்தில், இன்னும் ஒரு அடி வைத்தால் அதன் கண் நமக்குத் தெரியும், அதற்கு நாமும் தெரிவோம்.

அப்புறம் காத்திருப்பது. படுத்திருக்கும் மானை நான் எய்வதில்லை. உறுப்புகள் எங்கே ஒடுங்கியிருக்கின்றன என்று தெரியாது, கோணமும் கிடைக்காது. அது தானாக எழுந்து, சோம்பல் முறித்து, பக்கவாட்டில் நிற்க வேண்டும். கல்லெறிந்தோ விசிலடித்தோ எழுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். எழுப்பிய மான் விழித்துக்கொண்ட மான், மேலே சொன்ன நொடிக்கணக்கு நினைவிருக்கட்டும்.

ஆறாவது ஆண்டில் ஒரு பெரிய ஆண் மானுக்கு 32 கெஜத்தில் நாலேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். இடது கால் மரத்து, வலித்து, மறுபடி மரத்துப்போனது. மூன்று மணிக்கு அது எழுந்தது, என்னை நோக்கி நேர் எதிராக. நாணை இழுத்துப் பிடித்தேன். மார்பை மட்டும் காட்டிக்கொண்டு நின்றது, பக்கவாட்டில் திரும்பவே இல்லை. கை நடுங்க ஆரம்பித்ததும் மெதுவாக இறக்கினேன். அந்த அசைவைப் பார்த்துத் துள்ளிப் போய்விட்டது. அன்று இரவு கூடாரத்தில் எனக்கு வருத்தமே இல்லை. இப்படிச் சொன்னால் யாரும் நம்புவதில்லை, ஆனால் உண்மை அதுதான்.

அம்பு பட்ட பிறகு என்ன செய்ய வேண்டும்?

உட்காருங்கள். மணியைப் பாருங்கள். மான் கடைசியாகத் தெரிந்த இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

அம்பைத் தேடி எடுத்து அதிலுள்ள இரத்தத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, நுரையோடு இருந்தால் நுரையீரல். பெரும்பாலும் நூறு, நூற்றைம்பது கெஜத்துக்குள் விழுந்திருக்கும், அரை மணி கழித்துப் போகலாம். கருஞ்சிவப்பாக இருந்தால் ஈரல், நான்கு மணி நேரமாவது விடுங்கள். பச்சையாக, சாணி நாற்றத்தோடு இருந்தால் குடல். எட்டு மணி நேரம், சில சமயம் இரவு முழுக்கக் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் அடிபட்ட மான் எழுந்து மைல்கணக்கில் போய்விடும்.

இதை நான் கற்றது ஒரு மானை இழந்து. இரண்டாவது ஆண்டு, அம்பு பின்னால் பட்டதென்று தெரிந்தும் மழை வந்து இரத்தத் தடத்தை அழித்துவிடுமோ என்று பயந்து ஒரு மணி நேரத்தில் பின்தொடர்ந்தேன். படுத்திருந்த மான் எழுந்து போனது. இரண்டு நாள் அந்தச் சரிவை வலை போட்டது போலத் தேடினேன், கிடைக்கவில்லை. அடிபட்ட விலங்கைத் தேட நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது. நான் தேடியது சட்டத்துக்காக இல்லை. அந்த ஆண்டு மிச்சமிருந்த நாட்களில் வில்லை எடுக்கவில்லை. டேக் என் பையில் செல்லுபடியாகத்தான் இருந்தது, ஆனால் என் கணக்கில் அது தீர்ந்துவிட்டது.

இறைச்சியை எப்படிக் கீழே கொண்டுவருவது?

சான் ஹுவானில் உள்ள வெமினூச்சே போன்ற வில்டர்னஸ் பகுதிகளில், 1964-இன் சட்டப்படி மோட்டார் மட்டுமல்ல, சக்கரம் வைத்த தள்ளுவண்டிகூடக் கூடாது. குதிரை அல்லது முதுகு, இந்த இரண்டுதான்.

செப்டம்பர் பகலில் வெயில் நன்றாகவே அடிக்கும். எனவே முதல் வேலை சூட்டை இறக்குவது. வயிற்றைக் கிழிக்காமலே ஒரு பக்கமாகத் தோலுரித்து, முன் சப்பை, பின் தொடை, முதுகுச் சதை, கழுத்து என்று எடுத்து, திருப்பிப் போட்டு மறுபக்கமும் எடுக்கலாம். உட்புறம் முதுகெலும்போடு ஒட்டியிருக்கும் மென்சதையைக் கடைசியாக எடுத்துவிடலாம். துணிப்பைகளில் போட்டு, காற்றோட்டமான நிழலில் தொங்கவிடுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் புழுங்கிக் கெட்டுவிடும். எலும்பு நீக்கினால் நல்ல ஆண் மானில் 30 கிலோ சுற்றி இறைச்சி தேறும். கூடாரத்தையும் சேர்த்தால் தனி ஆளுக்கு இரண்டு நடை. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் விட்டுவருவது குற்றம். ஆணா பெண்ணா என்பதற்கான அடையாளத்தை ஒரு துண்டில் இயற்கையாக ஒட்டியபடியே விட்டுவைக்க வேண்டும், இதை மறந்து அபராதம் கட்டியவர்கள் உண்டு.

முதுகில் இந்தப் பாரத்தோடு எத்தனை மைல் நடக்க முடியும் என்பதை வைத்தே எங்கே எய்யலாம் என்பதையும் முடிவு செய்யுங்கள். எட்டாவது மைலில், செங்குத்துப் பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் மான் உங்களுக்கானது அல்ல.

மானுக்கு ஏதோ மூளை நோய் வருகிறதாமே?

ஆமாம். கிரானிக் வேஸ்டிங் டிசீஸ், சுருக்கமாக சி.டபிள்யூ.டி. 1967-இல் கொலராடோவின் ஃபோர்ட் காலின்ஸில், ஆராய்ச்சிக்காக அடைத்து வளர்த்த மியூல் மான்களில்தான் முதலில் கவனித்தார்கள். பிரியான் என்ற புரதக் கோளாறால் மூளை சிதைந்து, மான் மெலிந்து செத்துப்போகும். மனிதருக்குத் தொற்றியதாக இதுவரை உறுதியான ஒரு சம்பவமும் இல்லை. ஆனாலும் நோயுள்ள மானின் இறைச்சியைச் சாப்பிட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. மானின் தலையைக் கொடுத்துச் சோதனை செய்துவிடலாம். முடிவு வரும்வரை இறைச்சியை ஃப்ரீசரில் தனியாக வையுங்கள். மூளை, தண்டுவடத்தை வெட்டாதீர்கள். மாநில எல்லை தாண்டும்போது முழுத் தலையையும் முதுகெலும்பையும் கொண்டுபோகப் பல மாநிலங்களில் தடை இருக்கிறது.

உயரம், இடி, கரடி, எதற்கு அதிகம் பயப்பட வேண்டும்?

இடிக்கு. மரமே இல்லாத முகட்டில் நாம்தான் உயரமான பொருள். கோடைக் கடைசியில் மதியத்துக்கு மேல் மேகம் திரண்டு இடிப்பது இங்கே வாடிக்கை. வடமேற்கில் மேகம் கோபுரம் போல எழும்புவதைப் பார்த்தால், மான் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் இறங்கிவிடுங்கள்.

12,000 அடியில் மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். சென்னையிலோ ஹூஸ்டனிலோ இருந்து வருகிறவர்கள் நேராக மேலே ஏறாமல் 9,000 அடி அளவில் ஒன்றிரண்டு இரவு தங்கிப் போங்கள். தலைவலியும் குமட்டலும் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நள்ளிரவானாலும் கீழே இறங்குவதுதான் மருந்து.

கொலராடோவில் கருங்கரடி நிறைய உண்டு, உணவைக் கூடாரத்தை விட்டுத் தள்ளி உயரத்தில் கட்டி வைத்தால் பெரும்பாலும் தொந்தரவில்லை. கிரிஸ்லி கரடி இங்கே கடைசியாகக் கொல்லப்பட்டது 1979-இல், இதே சான் ஹுவான் மலையில். வில்வேட்டைக்கு வழிகாட்டியாகப் போன ஒருவரை அது தாக்க, அவர் கையில் பிடித்த அம்பாலேயே குத்தி உயிர் பிழைத்தார். வயோமிங்கின் வடமேற்கில் கிரிஸ்லி இன்றும் உண்டு. அங்கே போனால் கரடி ஸ்பிரேயைப் பைக்குள் வைக்காமல் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகலாமா?

முதல் இரண்டு வருடம் வேண்டாம். அதன் பிறகும், செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி இல்லாமல் போகாதீர்கள். நான் தினமும் இரவு எட்டு மணிக்கு வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்புவேன், வராவிட்டால் மறுநாள் காலை யாருக்குச் சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறது.

அந்த இறைச்சியை நம் சமையலில் செய்ய முடியுமா?

அருமையாக வரும். கொழுப்பை மட்டும் துளிகூட விடாமல் வெட்டி எடுத்துவிடுங்கள், மெழுகு போல நாக்கில் ஒட்டும், கவிச்சியும் அதில்தான். முதுகுச் சதையை மிளகும் உப்பும் தடவி அதிக தீயில் சட்டென்று புரட்டி எடுக்கலாம், வேகவிட்டால் ரப்பராகிவிடும். கழுத்தும் முன் சப்பையும் குழம்புக்கு. ஆட்டுக்கறியைவிடக் கொழுப்பு குறைவு என்பதால் நல்லெண்ணெயைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

சீசன் முடிந்ததும் அந்த மான்கள் எங்கே போகின்றன?

முதல் பெரும்பனி விழுந்ததும் கீழே இறங்கும். அக்டோபர், நவம்பரில் தாய் நடந்த தடத்திலேயே குட்டியும் நடந்து, குளிர்கால மேய்ச்சல் நிலத்துக்குப் போகும். வயோமிங்கின் ரெட் டெசர்ட்டிலிருந்து ஹோபேக் வரை 150 மைல் வலசை போகும் ஒரு மந்தையைக் கழுத்துப்பட்டைக் கருவிகள் வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். அதில் 255 என்று எண்ணிட்ட ஒரு பெண் மான் அதையும் தாண்டி ஐடஹோ வரை 240 மைல்களுக்கு மேல் நடந்தது. தடம் மாறத் தெரியாத விலங்கு இது. வழியில் வேலி போட்டால் வேலியில் சிக்கும், வீடு கட்டினால் வீட்டைச் சுற்றித் தவிக்கும். 2022-23 குளிர்காலத்தில் பனி உறைந்து புல்லை மூடியபோது, மேற்கு வயோமிங்கில் ஏராளமான மான்கள் பட்டினியில் செத்தன.

இறங்கும் வழியில் அவை நெடுஞ்சாலைகளைக் கடக்க வேண்டும். கொலராடோவின் 9-ஆம் எண் சாலையில், கிரெம்லிங் ஊருக்குத் தெற்கே, விலங்குகளுக்கென்றே இரண்டு மேம்பாலங்களும் ஐந்து சுரங்கப்பாதைகளும் 2016-இல் கட்டி முடித்தார்கள். அந்தப் பகுதியில் வாகனம் மோதி மான் சாவது ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்துவிட்டது. இப்படிப்பட்ட பாலங்கள் இல்லாத சாலைகள்தான் இன்னும் அதிகம். வேட்டைக்குப் போகாதவர்களும் நவம்பரில் அந்தப் பக்கம் காரில் போவீர்கள். இருட்டிய பிறகு வேகத்தைக் குறைத்து, ஒரு மான் கடந்து போனால் உடனே கிளம்பாமல் கொஞ்சம் நில்லுங்கள். பின்னால் இன்னொன்று வந்துகொண்டிருக்கும்.